கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை: காதுக்குள் நடப்பது என்ன?

திருநெல்வேலிப் பக்கம் வயதான ஆச்சியோ தாத்தாவோ இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும். "ஆச்சி, சாப்பிட வாரீயளா?" என்று பேரன் கேட்பான். பதில் இருக்காது. இன்னொரு தரம் கேட்டால், "என்னல சொல்லுத?" என்பார். அவன் குரலை உயர்த்தினால், "ஏம்ல இப்படிக் கத்துத? எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு" என்று கோபம் வரும். உள்ளே இருந்து மருமகள் சொல்வார்: "நேத்து நகைச் சீட்டப் பத்திப் பேசுனது மட்டும் கேட்டுச்சுல்லா? அவியளுக்கு வேண்டியது மட்டும்தான் கேக்கும்."

இந்தக் கடைசி வாக்கியம் பல வீடுகளில் பெரியவர்களை மூலைக்குத் தள்ளியிருக்கிறது. பிடிவாதம், நடிப்பு, ஓர்மைக் குறைவு என்று என்னென்னவோ பேர் வைக்கிறோம். உண்மையில் மெதுவாகச் சொன்னால் கேட்காததும், சத்தமாகச் சொன்னால் தாங்காததும் ஒரே பழுதால் வருபவை. அந்தப் பழுது காதுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்தக் கதையை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒலி உள்ளே போகும் வழி

ஒலி என்பது காற்றின் அழுத்தம் மாறி மாறிக் கூடிக் குறைவது. நொடிக்கு எத்தனை தடவை இப்படி மாறுகிறதோ அதுதான் அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்கிறார்கள். இளம் வயதில் மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் முழக்கம் தாழ்ந்த அதிர்வெண். ஜால்ராவின் கிணுகிணுப்பு உயர்ந்த அதிர்வெண்.

காற்றின் அசைவு முதலில் செவிப்பறையைத் தட்டுகிறது. அதன் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்ன எலும்புகள். அங்கவடிக்கு அந்தப் பக்கம் காற்று கிடையாது, திரவம்தான் இருக்கிறது. காற்றில் வரும் ஒலி நீரில் பட்டால் ஏறத்தாழ முழுவதும் திரும்பிப் போய்விடும். தாமிரபரணியில் முங்கிக் கிடப்பவருக்குக் கரையில் பேசுவது விளங்காததற்குக் காரணம் இதுதான். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் அந்த மூன்று எலும்புகளும். அங்கவடியின் அடித்தட்டு செவிப்பறையை விடச் சுமார் 17 மடங்கு சிறியது. பெரிய பரப்பில் வாங்கிய விசை சிறிய பரப்பில் குவிவதால், திரவத்தை அசைக்கத் தேவையான அழுத்தம் கிடைக்கிறது.

காது மந்தம் என்று நாம் ஒரே பேரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. குறும்பி அடைத்திருக்கலாம், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், சீழ் வடியலாம். இவை வழியில் ஏற்படும் தடை. கடத்தல் கேளாமை என்று இதற்குப் பேர். இதைப் பெரும்பாலும் மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்துவிடலாம். இப்படிப்பட்டவரிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போதும், நன்றாக விளங்கிக்கொள்வார்.

இரண்டாவது வகை உட்செவிக் கேளாமை. டாக்டர் "காது நரம்பு வீக்காக இருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வயதானவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் இதுதான். காய்ச்சிய எண்ணெயை எத்தனை நாள் விட்டாலும் இந்த இடத்துக்குப் போய்ச் சேராது, ஏனென்றால் உட்செவி செவிப்பறைக்குப் பின்னால் கெட்டியான எலும்புக்குள் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெயே சீழ் பிடிக்க வைத்துவிடும். தயவுசெய்து விடாதீர்கள். இன்னொன்று: ஒரு காது மட்டும் திடீரென்று ஒரு நாளில் மங்கிவிட்டால் குறும்பி என்று நினைத்து வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அது அவசரமாக மருத்துவம் பார்க்க வேண்டிய உட்செவிக் கோளாறாக இருக்கலாம், நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

இதுவரை பார்த்தது: செவிப்பறையும் எலும்புகளும் ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கேட்பது அதற்கு அப்புறம், திரவம் நிறைந்த உட்செவியில் நடக்கிறது.

ஒரு டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் எழுந்த கேள்வி

உட்செவியில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதன் பேர் காக்ளியா. பட்டாணி அளவுதான் இருக்கும். நீட்டிப் பார்த்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நீளம் முழுக்க பேசிலார் சவ்வு என்ற மெல்லிய நாடா ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், அந்தச் சவ்வில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனித்தனி இழை அதிர்கிறது என்று கருதினார். அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பார்த்தவர் ஜார்ஜ் வான் பேகேஷி. 1899இல் புடாபெஸ்டில் பிறந்தவர், இயற்பியல் படித்தவர். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஹங்கேரியில் நல்ல கருவிகள் அஞ்சல் துறையின் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தன, அதனால் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். டெலிபோனின் தரத்தை உயர்த்துவது அவருடைய வேலை. டெலிபோனைவிட மனிதக் காது எவ்வளவு நயமானது என்று அளந்து பார்த்தார். காது வெகு தொலைவு முன்னால் இருந்தது. அப்படியானால் அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஆயுள் முழுக்க விடவில்லை.

இறந்தவர்களின் காக்ளியாவை எடுத்து, நீருக்குள் வைத்து, எலும்பைத் துளித்துளியாகச் சுரண்டித் திறந்தார். உள்ளே இருப்பவை ஒளி ஊடுருவும் சவ்வுகள், கண்ணுக்குப் புலப்படாது. அதனால் வெள்ளித் துகளைத் தூவினார். விட்டு விட்டு ஒளிரும் விளக்கின் கீழ் நுண்ணோக்கியால் பார்த்தபோது, சவ்வின் மேல் ஓர் அலை ஓடியது. அங்கவடியின் பக்கம் கிளம்பி, போகப் போக உயர்ந்து, ஓர் இடத்தில் உச்சம் தொட்டு, அதைத் தாண்டியதும் சட்டென்று அடங்கியது. உயர்ந்த அதிர்வெண்ணுக்கு உச்சம் வாசலுக்குப் பக்கத்தில். தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு உச்சம் சுருளின் உள்நுனியில். எந்த இடத்தில் சவ்வு அதிகம் அசைகிறது என்பதை வைத்தே மூளை எந்தச் சுருதி என்று அறிகிறது. கினிப் பன்றி முதல் யானை வரை பல விலங்குகளின் காதில் இதை அவர் பார்த்தார்.

1946இல் சுவீடனுக்குப் போனார், மறு ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டுக்கு. நோயாளி தானே பொத்தானை அழுத்தித் தன் கேட்கும் அளவைப் பதிந்துகொள்ளும் சோதனைக் கருவியையும் உருவாக்கினார். 1961இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1966க்குப் பிறகு ஹவாயில் ஆய்வைத் தொடர்ந்து, 1972இல் அங்கேயே இறந்தார். ஒரு மனிதர் விரல்நுனி அளவுள்ள ஓர் உறுப்புக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார். இதை நம் பள்ளிப் புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அவர் பார்த்த அலையில் ஒரு சிக்கல் இருந்தது. உச்சம் மழுங்கலாக, அகலமாக இருந்தது. இரண்டு சுருதிகளுக்கு இடையே ஓர் இழை வித்தியாசத்தைக்கூட நம் காது கண்டுபிடிக்கும்போது, சவ்வு மட்டும் ஏன் இப்படி மழுங்கலாக அசைகிறது? அவர் பார்த்தவை இறந்த காதுகள். போதாததற்கு அசைவு கண்ணில் படுவதற்காக மிகப் பெரிய சத்தத்தைக் கொடுத்திருந்தார்.

ஊஞ்சலைத் தள்ளும் கை

இந்த இடத்தில் வேப்பமரத்தில் கயிறு கட்டி ஆடும் ஊஞ்சலை நினைத்துக்கொள்வோம். காற்று லேசாக அசைத்தால் ஊஞ்சல் ஒன்றிரண்டு தடவை ஆடி நின்றுவிடும். பக்கத்தில் ஒருவர் நின்று, ஊஞ்சல் வந்து திரும்பும் அந்தக் கணத்தில் விரலால் கொஞ்சம் தள்ளினால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இதில் கவனிக்க மூன்று விஷயங்கள். தள்ளுவது ஊஞ்சலின் சொந்தத் தாளத்துக்குப் பொருந்தினால்தான் பெருகும். ஏற்கெனவே யாரோ பலமாக ஆட்டிவிட்ட ஊஞ்சலில் விரலின் தள்ளலால் பெரிய வித்தியாசம் வராது. தள்ளுபவர் போய்விட்டால் மெல்லிய காற்றுக்கு ஊஞ்சல் அசையவே அசையாது, பலமான தள்ளலுக்கு மட்டும் முன்போலவே ஆடும்.

காதுக்குள் அப்படித் தள்ளும் ஒரு கை இருக்க வேண்டும் என்று 1948இல் சொன்னவர் தாமஸ் கோல்ட். போர்க்காலத்தில் ராடார் வேலை பார்த்து, கேம்பிரிட்ஜுக்கு வந்தவர். திரவத்துக்குள் இருக்கும் சவ்வின் அசைவு உடனே அடங்கிவிடும், இவ்வளவு நயமாகக் கேட்க வேண்டுமென்றால் காது தன் சொந்தச் சக்தியைச் செலவழித்து அசைவைப் பெருக்கியாக வேண்டும் என்பது அவர் வாதம். அப்படிப் பெருக்கினால் சில நேரம் காதிலிருந்தே ஒலி வெளியே வரும் என்றும் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அவர் வானியலுக்குப் போய்விட்டார்.

30 ஆண்டு கழித்து, 1978இல், லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் காதுத் துளைக்குள் நுண்ணிய மைக் வைத்து ஒரு சின்ன 'டிக்' ஒலியைக் கொடுத்தார். சில மில்லிசெகண்டு கழித்துக் காதிலிருந்து மெல்லிய ஒலி திரும்பி வந்தது. கோல்ட் சொன்னது அப்படியே நடந்தது. இன்று ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தையின் காதில் சின்னக் குழாய் வைத்துச் செய்யும் ஓஏஇ சோதனை இந்தக் கண்டுபிடிப்புதான். குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, காதே பதில் சொல்லிவிடும்.

சரி, அந்தக் கை எது? பேசிலார் சவ்வின் மேல் மயிரிழைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைகள், அவை சாய்ந்தால் செல்லுக்குள் மின்சாரம் பாயும். இவற்றில் உள்வரிசைச் செல்கள் சுமார் 3,500. மூளைக்குச் செய்தி அனுப்புபவை முக்கியமாக இவைதான். வெளிவரிசைச் செல்கள் சுமார் 12,000. இவை மூளைக்கு அதிகம் ஒன்றும் அனுப்புவதில்லை, அப்படியென்றால் எதற்கு இருக்கின்றன என்பதே நீண்ட காலம் புதிராக இருந்தது. 1985இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் பிரவுனெலும் அவர் குழுவினரும் வெளிவரிசைச் செல்லைத் தனியே பிரித்து மின்சாரம் கொடுத்தபோது, அது நீண்டு சுருங்கியது. பிரிட்டனில் ஜோனதன் ஆஷ்மோர் ஒரு பாட்டின் மின்னலையைச் செலுத்த, ஒற்றைச் செல் அந்தத் தாளத்துக்கு ஆடியதைப் படமே எடுத்திருக்கிறார். 2000இல் பீட்டர் டல்லோஸின் ஆய்வுக்கூடம் இந்த அசைவுக்குக் காரணமான புரதத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிரெஸ்டின் என்று பேர்.

ஆக, சவ்வு அசையும்போது வெளிவரிசைச் செல்கள் அதே தாளத்தில் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நீண்டு சுருங்கித் தள்ளிக்கொடுக்கின்றன. மெல்லிய ஒலி பல மடங்கு பெருகி, உச்சம் கூர்மையாகி, உள்வரிசைச் செல்லைத் தொடுகிறது. பெரிய ஒலிக்கு இந்த உதவி ஏறக்குறைய இல்லை. உயிர் போனதும் தள்ளல் நின்றுவிடும். பேகேஷி பார்த்தது தள்ளுபவர் இல்லாத ஊஞ்சலை.

இப்போது ஆச்சியின் காதுக்கு வருவோம்

வயதாக ஆக முதலில் போவது பெரும்பாலும் இந்த வெளிவரிசைச் செல்கள்தான். அதுவும் வாசலுக்குப் பக்கத்தில், உயர்ந்த அதிர்வெண்ணுக்கான இடத்தில் இருப்பவை. என்ன ஆகும்?

மெல்லிய பேச்சைப் பெருக்க ஆள் இல்லை, அதனால் கேட்காது. பெரிய சத்தத்துக்கு அந்த உதவி முதலிலேயே தேவைப்படவில்லை, அதனால் அது பழைய அளவிலேயே காதில் அறையும். முன்பு மெல்லிய ஒலிக்கும் தாங்க முடியாத ஒலிக்கும் இடையே அகலமான இடைவெளி இருந்தது. இப்போது கீழ்ப்பக்கம் மட்டும் ஏறிவந்து இடைவெளி குறுகிவிட்டது. கேட்காத அளவிலிருந்து தாங்காத அளவுக்கு ஒரே எட்டில் போய்விடுகிறது. "என்ன சொல்லுத" என்பதும் "ஏம்ல கத்துத" என்பதும் ஒரே வாயில் அடுத்தடுத்து வருவது இதனால்தான்.

அடுத்து, சொல் விளங்காமல் போவது. உயிரொலிகளுக்குச் சக்தி அதிகம், அவை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கின்றன. க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் மெலிந்தவை, ஒரு கணம் வந்து மறைபவை, அவற்றின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. கட்டு, தட்டு, பட்டு மூன்றிலும் முதல் எழுத்தின் மெய்யொலி தேய்ந்துவிட்டால் மிஞ்சுவது ஒரே ஓசை. ஆள் பேசுவது தெரியும், ஆண்குரலா பெண்குரலா என்பது தெரியும், சொல் மட்டும் நழுவும். மிச்சத்தை ஊகித்துத்தான் பதில் சொல்கிறார்கள். நகைச் சீட்டைப் பற்றிய பேச்சு மட்டும் எப்படிக் கேட்டது? தெரிந்த விஷயம், எதிர்பார்க்கும் சொற்கள், அப்போது வீட்டில் மிக்சியும் டிவியும் ஓடவில்லை. ஊகம் சரியாக விழுந்துவிட்டது.

சுருக்கமாக: வெளிவரிசைச் செல்கள் குறைந்தால் மெல்லியது மறையும், பெரியது அப்படியே இருக்கும், வல்லின ஒலிகள் தேயும். கத்துவதால் உயிரொலிதான் இன்னும் பெருகும், தேய்ந்த மெய்யொலி திரும்பி வராது.

கொடையும் தறியும்

இந்தச் செல்கள் வயதால் மட்டும் போவதில்லை. சத்தத்தின் அளவை டெசிபல் என்ற அலகில் சொல்கிறார்கள். 10 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி 10 மடங்கு. சாதாரணப் பேச்சு சுமார் 60. 85க்கு மேல் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தால் காதுக்குக் கேடு தொடங்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும்.

சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரிடம் கைச் சைகையில்தான் பேச முடியும். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டுமென்றால் அந்த இடம் ஏற்கெனவே 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நையாண்டி மேளத்தில் தவிலுக்கும் பம்பைக்கும் கிடுகட்டிக்கும் நடுவே இரவெல்லாம் நிற்கும் நாகசுரக் கலைஞரின் காதை யாராவது சோதித்திருக்கிறோமா? சாமிக்கு நடக்கும் கொடைத் திருவிழா நன்றாக நடக்கட்டும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் கைக்குழந்தையோடு உட்காருவதை மட்டுமாவது தவிர்க்கலாம். தறிக்காரருக்கும் மேளக்காரருக்கும் பஞ்சு நுரையால் ஆன காதடைப்பான் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. வெறும் பஞ்சு போதாது.

கொடை முடிந்து வந்த இரவு காது 'ங்ஙொய்' என்று இரைந்து, மறுநாள் சரியாகிவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். டாக்டர்களும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். பாஸ்டனில் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. எலிகளுக்கு 100 டெசிபல் ஒலியை இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். சில நாட்களில் கேட்கும் அளவு பழையபடி திரும்பியது, மயிரிழைச் செல்களும் தப்பின. ஆனால் உள்வரிசைச் செல்லும் நரம்பும் தொடும் இணைப்புகளில், பாதிக்கப்பட்ட பகுதியில், ஏறத்தாழ பாதி அறுந்திருந்தன. அவை திரும்ப வளரவில்லை. மனிதர்களுக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. அமைதியான அறையில் நடக்கும் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும், கல்யாணப் பந்தியில் பேச்சு விளங்கவில்லை என்று சொல்பவர்களை இப்போது மருத்துவர்கள் முன்பைவிடக் கவனமாகக் கேட்கிறார்கள்.

கோழிக்குஞ்சுக்கு மயிரிழைச் செல் செத்தால் சில வாரங்களில் புதிதாக முளைக்கும். 1980களின் கடைசியில் இதைக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு அப்படி முளைப்பதில்லை. பிறக்கும்போது காதுக்கு 15,000 சொச்சம், அவ்வளவுதான்.

கேட்பதில் மூளைக்குள்ள பங்கு

காது அனுப்பும் செய்தி சுமார் 30,000 நரம்பிழைகள் வழியே மூளைக்குப் போகிறது. இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே ஒலி எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று மூளை கணக்கிட்டு, பல குரல்களில் ஒன்றைப் பிரித்தெடுக்கிறது. இரண்டு காதும் மந்தமானவருக்கு ஒரு காது மிஷின் மட்டும் வாங்கிக் கொடுத்தால் கூட்டத்தில் திணறுவது இதனால்தான்.

குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். பேச்சு மூளையில் படிவது முதல் சில ஆண்டுகளில். பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. அந்தக் காலத்தில் குழந்தை இரண்டு மூன்று வயதாகியும் பேசவில்லையே என்றுதான் பெற்றோருக்குச் சந்தேகமே வரும். இன்று பிறந்த சில நாளிலேயே தெரிந்துகொள்ளலாம். மயிரிழைச் செல்லைத் தாண்டி நரம்புக்கே மின்தூண்டல் கொடுக்கும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை, சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இருக்கிறது. "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக் கூடியது

முதலில் ஆடியோகிராம் எடுக்க வேண்டும். எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபலுக்குக் கேட்கிறது என்று காட்டும் வரைபடம் அது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனால், கடத்தல் கேளாமையா உட்செவிக் கேளாமையா என்பது தெரிந்துவிடும்.

பேசும்போது முகத்துக்கு நேரே வந்து, டிவியை நிறுத்தி, வழக்கமான குரலில் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு விஷயத்தைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. விளங்கவில்லையென்றால் அதே சொல்லைக் கத்தாமல் வேறு சொல்லில் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், காது மிஷின். இன்றைய டிஜிட்டல் மிஷின் மெல்லிய ஒலியை அதிகமாகவும் பெரிய ஒலியைக் கொஞ்சமாகவும் பெருக்கும். வெளிவரிசைச் செல் செய்த வேலையை ஓரளவு செய்ய முயல்கிறது. ஆனால் அவரவர் ஆடியோகிராமுக்கு ஏற்ப அதை அமைக்க வேண்டும். சோதனை இல்லாமல் விற்கும் மலிவு மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக்கொடுக்கும், பாத்திரம் விழுந்தால் ஆச்சி துடித்துப்போவார். அதனால்தான் பல மிஷின்கள் பீரோவுக்குள் கிடக்கின்றன. நல்ல மிஷின் வாங்கினாலும் முதல் நாளே தெருவுக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப் போகாதீர்கள். பல ஆண்டு கேட்காமல் இருந்த மின்விசிறிச் சத்தமும் செருப்புச் சத்தமும் திடீரென்று வரும்போது மூளை குழம்பும். முதலில் வீட்டுக்குள், ஒருவரோடு ஒருவர் பேசும்போது மட்டும், தினம் ஒரு மணி இரண்டு மணி நேரம் என்று தொடங்கலாம். எந்தச் சத்தம் உறுத்துகிறது, யார் குரல் விளங்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்து, சில வாரம் கழித்து அதை, காதைச் சோதித்து மிஷினை அமைத்துத் தரும் ஆடியாலஜிஸ்டிடம் கொண்டுபோங்கள். எந்த அதிர்வெண்ணில் குறைப்பது, எங்கே கூட்டுவது என்று அவர் கம்ப்யூட்டரில் திருத்தித் தருவார். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போக வேண்டியிருக்கும்.